பதினான்கு தலை, பதின்மூன்று பேர்

நான் வேலை செய்த நிலையத்தில் போன மாதம் புதிய படிவம் ஒன்று வந்திருக்கிறது. அறுபத்தைந்து வயதைத் தாண்டிய ஒருவர் கண்டல் காட்டுக்கோ கடலுக்கோ குளக்கட்டுக்கோ எங்களோடு வருவதென்றால், இனி மகனோ மகளோ அதில் ஒப்பமிட வேண்டும். படிவத்தைக் கொண்டுவந்து காட்டியவர்கள் இப்போது அங்கே வழிகாட்டிகளாக இருக்கும் இரண்டு பேர். இருவரும் கெட்டிக்காரர்கள், என் மீது மரியாதை உள்ளவர்கள். புதிதாகச் சேருபவர்களுக்கான கைநூலில் பாதுகாப்பைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தரும்படி கேட்டார்கள். புனிதம் அக்கா தொலைந்த கதையை எழுதினால், படிவம் ஏன் தேவை என்று எல்லோருக்கும் விளங்கும் என்றார்கள்.

எழுதுகிறேன். ஆனால் அந்தக் கதையிலிருந்து அவர்கள் எடுத்திருக்கும் பாடம் பிழை. அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன்.

எனக்கு இப்போது அறுபத்தாறு வயது. மகன்மார் இரண்டு பேர். ஒருவன் கொழும்பில், ஒருவன் கனடாவில். பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு அவர்கள் என்னிடம் கேட்டுத்தான் போனார்கள். நான் கண்டல் காட்டுக்குப் போக அவர்களிடம் கேட்பதாக இல்லை.

நிலையம் என்று சொன்னாலும் அது பெரிய இடமல்ல. திருகோணமலை நகரத்தில், துறைமுகத்தைப் பார்த்தபடி இரண்டு அறை, ஒரு முற்றம், முற்றத்தில் கவிழ்த்து வைத்த ஆறு சிறு வள்ளங்கள். அறுபது கடந்தவர்களை வெளியே கூட்டிக்கொண்டு போய் மரம், பறவை, கடல் என்று பார்க்கவும் படிக்கவும் வைப்பது எங்கள் வேலை. தம்பலகாமத்துக் குளங்களில் பறவை பார்ப்போம். துறைமுகத்தின் உட்குடாக்களில் துடுப்புப் போடுவோம். கொட்டியாரக் குடாவின் மறுகரையில், கட்டைபறிச்சான் பக்கத்தில் உப்புநீர்ச் சேற்றில் வளரும் கண்டல் காட்டில் நடப்போம். தொடங்கிய காலத்தில் ஊர் எங்களைப் பார்த்துச் சிரித்தது. அறுபது கடந்தவருக்கு ஊர் ஏற்கெனவே மூன்று இடம் ஒதுக்கி வைத்திருந்தது: கும்பிடுகிற இடம், ஆஸ்பத்திரி, பேரப்பிள்ளையின் பள்ளிக்கூட வாசல். நாலாவதாக ஒரு இடம் உண்டு என்று சொன்னதுதான் நாங்கள் செய்த குற்றம்.

அதற்கு முன் பதினான்கு வருடம் நான் ஒரு பாடசாலையில் விஞ்ஞான ஆய்வுகூட உதவியாளராக இருந்தேன். முப்பத்தெட்டு வயதில் நிலையத்தில் சேர்ந்தேன். ஆறு வாரப் பயிற்சி. நீச்சல், முதலுதவி, கயிறு முடிச்சு, பறவைப் பெயர்கள். அதில் பெரும்பகுதி மறந்துவிட்டது. மறக்காதது ஒரு காலைப் பொழுது. எங்கள் பொறுப்பாளர் நசீர் சேர் ஒரு பழைய மூக்குக்கண்ணாடியில் தேங்காயெண்ணெய் பூசி எனக்குப் போட்டுவிட்டார். காதுக்குள் பஞ்சு அடைத்தார். இரண்டு கணுக்காலிலும் மணல் பை கட்டினார். அந்தக் கோலத்தில் கண்டல் காட்டுப் பாதை முழுவதையும் நடக்க வைத்தார். வேர் எது, வேரின் நிழல் எது என்று தெரியவில்லை. நான் நாலு தரம் விழுந்தேன். அவர் கைகொடுக்கவில்லை. ஒவ்வொரு முறையும் விழுந்த இடத்தைக் கொப்பியில் குறித்துக்கொண்டார். அந்த நாலு இடத்திலும்தான் பிறகு கைபிடிக் கயிறு கட்டினோம்.

நசீர் சேர் கிண்ணியாக்காரர். நில அளவையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கட்டையான உருவம், எப்போதும் உள்ளே விட்ட சேர்ட், கழுத்தில் ஒரு விசில். குரலை உயர்த்தி நான் கேட்டதேயில்லை. எந்தப் பயணத்துக்கும் முதல்நாள் அதே பாதையை அவர் ஒருமுறை நடந்து பார்ப்பார். எங்கே இருக்கலாம், எங்கே நிழல் எத்தனை மணி வரை நிற்கும், எங்கே ஒரு பெண் கூச்சமில்லாமல் ஒதுங்கலாம் என்று எழுதுவார். திரும்பும் நேரம் என்று ஒன்றை வைப்பார். யானையே எதிரில் வந்து நின்று நடனமாடினாலும் அந்த நேரத்துக்குத் திரும்பியே ஆக வேண்டும்.

பெயர் பதிய வருபவர்களிடம் அவர் பேசும் விதத்தை நான் மூன்று மாதம் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அநேகமாகப் பிள்ளைகள்தான் தாயையோ தகப்பனையோ கூட்டிக்கொண்டு வருவார்கள். சேர் வயதானவரைப் பார்த்து, என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்பார். பிள்ளை பதில் சொல்லும். சேர் எழுதமாட்டார். பேனாவைப் பிடித்தபடி வயதானவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் வாய் திறந்து சொல்லும்வரை ஒரு எழுத்தும் விழாது. கடைசிக் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: என்ன பார்க்க ஆசை? சும்மா வந்தேன் என்ற பதிலை அவர் ஏற்பதில்லை. யோசித்துவிட்டு நாளைக்கு வரச்சொல்லி அனுப்பிவிடுவார்.

என் முதலாவது பயணத்திலேயே பிழை விட்டேன். வள்ளத்தில் ஏறப்போன ஒரு ஐயாவின் முழங்கையை எட்டிப் பிடித்தேன். உதவி என்று நினைத்துத்தான். அவர் தன் பாட்டில் நிதானமாக வைத்த கால், என் இழுப்பில் தடுமாறி, முழங்கால் விளிம்பில் அடிபட்டது.  கரைக்கு வந்தபின் சேர் என்னைக் கூப்பிட்டார்.

“ஒருத்தர்ர கைய அவர்ட்ட கேட்காமப் பிடிச்சீங்க. போய் மன்னிப்புக் கேளுங்க. இனி முதல்ல கேளுங்க, பிறகு பிடிங்க.”

நான் போய்க் கேட்டேன். அந்த ஐயாவுக்கு ஆச்சரியம். தன்னிடம் கேட்டுவிட்டு ஆரும் தன்னைத் தொட்டுக் கனகாலம் என்றார்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். துறைமுகத்தில் முப்பத்தைந்து வருடம் இலிகிதராக இருந்தவர். தினமும் கடலைப் பார்த்தபடி கப்பல் பதிவு எழுதியவர், ஒருநாளும் கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. எழுபது வயதில் எங்களிடம் வந்து, மிதந்து பார்க்க ஆசை என்றார். மனைவி கூடாது என்றார். மருமகன் சிரித்தார். நாங்கள் அலையில்லாத ஒரு உட்குடாவில், மார்பளவு தண்ணீரில், ஐந்து நாள் காலையில் அவரோடு நின்றோம். ஐந்தாம் நாள் காலையில் அவருடைய பிடரிக்குக் கீழிருந்து என் கையை எடுத்தேன். அவர் மிதந்தார். வானத்தைப் பார்த்தபடி, ‘கையை எடுத்திட்டீங்களோ’ என்று கேட்டார். எடுத்து ஒரு நிமிடமாகிவிட்டது என்றேன். கரையில் நின்ற மருமகன் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

இப்படி நூற்றுக்கணக்கான பயணங்கள் ஒரு கீறலும் இல்லாமல் முடிந்தன. அவற்றைப் பற்றி ஆரும் கைநூலில் எழுதச் சொல்வதில்லை. கேட்கிறது அந்த ஒரு நாளைப் பற்றித்தான். ஆகையால் அந்த நாளை உள்ளது உள்ளபடி சொல்கிறேன்.

புனிதவதி, எங்களுக்குப் புனிதம் அக்கா, பழைய தொலைபேசி இணைப்பகத்தில் இயக்குநராக இருந்தவர். கையால் இணைப்புக் கொடுத்த காலத்தில் நகரத்தின் அத்தனை இலக்கங்களும் அவருக்கு மனப்பாடம். எங்களிடம் வந்தபோது வயது எழுபத்துமூன்று. மறதி தொடங்கியிருந்தது. அதை அவர் மறைக்கவில்லை. காலையில் சாப்பிட்டது நினைவில்லை, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பேன், கோபிக்கக்கூடாது என்று தானே சொன்னார். மகள் சுகந்திக்கு மாவட்டச் செயலகத்தில், எங்கள் வாயில் கச்சேரியில், வேலை. தாயை உயிராகப் பார்ப்பவர். அரைமனதோடுதான் சம்மதித்தார். என்ன பார்க்க ஆசை என்று சேர் கேட்டபோது, இதுவரை பார்க்காதது எதையும் என்றார் புனிதம் அக்கா. சேர் அதை அப்படியே எழுதினார்.

அன்றைக்குக் கட்டைபறிச்சான் பக்கம். வான் வண்டியில் பதினைந்து பேர் வந்தார்கள், என்னையும் சேரையும் ஓட்டுநரையும் சேர்க்காமல். எங்கள் முறை இது: முன்னுக்கு ஒருவர், பின்னுக்கு ஒருவர். பின்னுக்கு வருபவரை வால் என்போம். நடப்பவர்கள் சோடி சோடியாக நடப்பார்கள். ஒடுங்கிய இடம் எது வந்தாலும் அதற்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை கணக்கெடுக்க வேண்டும். கணக்கு என்றால் எண்ணிக்கை அல்ல, பெயர். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, ஒவ்வொரு முகமாகப் பார்க்க வேண்டும். இது நசீர் சேர் வைத்த சட்டம்.

வான் நின்ற இடத்திலேயே ஒருவருக்குத் தலைசுற்று. சேர் அவரோடு நின்றுவிட்டார். வால் இல்லாவிட்டால் நடக்கக்கூடாது, இருந்து காத்திருக்க வேண்டும் என்பதும் சட்டம்தான். சேர் அதை எனக்கு நினைவூட்டவில்லை. பதினாறு வருடம் வேலை செய்தவளுக்கு நினைவூட்ட வேண்டும் என்று அவர் நினைத்திருக்கமாட்டார். வெயில் ஏறுகிறது, சேர் பின்னால் வந்து சேர்ந்துவிடுவார் என்று நான் பதினான்கு பேரோடு நடந்தேன். முதலாவது பிழை.

காட்டுக்குள் கொஞ்சத் தூரத்தில் ஒரு ஓடை. மேலே இரண்டு பலகை போட்ட பாலம். பாலத்துக்கு முன் பெயர் கூப்பிட்டேன். பதினான்கு பேரும் ஓம் என்றார்கள். ஒவ்வொருவராகக் கடந்தார்கள். மறுகரையில் எனக்கு அவசரம். மூச்சுவேர்களுக்கு நடுவில் சேற்றில் துள்ளும் மீன்கள் கூட்டமாக நின்றன. அவை ஒளியுமுன் காட்ட வேண்டும். பெயர் கூப்பிடவில்லை. தலையை எண்ணினேன். பதினான்கு. சரி என்று கதைக்கத் தொடங்கினேன். இரண்டாவது பிழை.

இருபத்தைந்து நிமிடம் கதைத்தேன். கண்டல் மரத்தின் காய் மரத்தில் தொங்கும்போதே முளைத்துவிடும், விழுந்தால் சேற்றில் ஈட்டிபோல் குத்தி நிற்கும் என்று ஆசையோடு விளங்கப்படுத்தினேன். அப்போது தம்பலகாமத்திலிருந்து வந்த கந்தவனம் ஐயா, வயல் செய்து ஓய்ந்த மனுஷன், என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

“தங்கச்சி, புனிதம் அக்கா உங்களோடையே நிக்கிறா?”

அவர்தான் அன்றைக்குப் புனிதம் அக்காவின் சோடி. பாலத்தடியில் ஐயாவின் செருப்பு வார் கழன்றிருக்கிறது. குனிந்து கட்டிவிட்டு நிமிர்ந்தபோது புனிதம் அக்காவைக் காணவில்லை. என்னிடம் ஏதோ கேட்க முன்னுக்குப் போய்விட்டார் என்று நினைத்திருக்கிறார். நான் திரும்பி முகங்களைப் பார்த்தேன். பதினான்காவது முகம் எனக்குத் தெரியாத முகம். நண்டு பிடிக்க வந்த ஊர்ப் பெண் ஒருத்தி, கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, நான் சொன்னதை எல்லோரையும்போல நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

  என் கழுத்தில் கிடந்த விசிலை வாயில் வைத்தேன், ஊத மூச்சு வரவில்லை. இரண்டாம் தரம்தான் வந்தது. மூன்று நீள ஊதல், ஆள் இல்லை என்று அர்த்தம். எல்லோரையும் நிழலில் இருத்தினேன். கந்தவனம் ஐயா தேடப்போகிறேன் என்று எழும்பினார். விடவில்லை. ஒருவரைத் தேடி இன்னொருவரைத் தொலைக்கக்கூடாது. ஊர்ப் பெண்ணிடம், பாலத்துக்கு அந்தப் பக்கம் வேறு பாதை உண்டா என்று கேட்டேன்.

“ஓடைக்கரையால ஒண்டு போகுது. சேத்து வெளியில போய் முடியும். அங்காலை முதலை படுக்கிறது, அக்கா.”

சேர் வந்து சேர்ந்தார். தலைசுற்றியவரை ஓட்டுநரிடம் விட்டுவிட்டு, அந்த வயதில் ஓடி வந்திருக்கிறார். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. அவவின் முகத்தைக் கடைசியாகப் பார்த்த இடம் எது என்று மட்டும் கேட்டார். பாலத்துக்கு முன் என்றேன். உறுதியா என்றார். பெயர் கூப்பிட்டேன், ஓம் என்றார், முகத்தைப் பார்த்தேன் என்றேன். அப்படியானால் அங்கிருந்து தொடங்குவோம் என்றார். ஊர்ப் பெண் மற்றவர்களோடு இருந்துகொண்டாள்.

பாலத்தடியில் நின்று சேர் நாலு பக்கமும் பார்த்தார். மறதி உள்ளவர் வந்த வழியைத் தேடித் திரும்பமாட்டார், கண்ணுக்குப் பிடித்த பக்கம் போவார் என்றார். இடப்பக்கம் மரங்களுக்கு நடுவில் வெளிச்சம் தெரிந்தது. அந்தப் பக்கம் போனோம். ஈரமண்ணில் சின்னச் சப்பாத்துத் தடம். ஐந்து நிமிடம் நடந்திருப்போம். ஓடை அகன்று சேற்று வெளியில் விழும் இடத்தில், தண்ணீர் விளிம்பில், இரண்டு சப்பாத்தும் சோடியாக, கோயில் வாசலில் கழற்றி வைத்ததுபோல் வைக்கப்பட்டிருந்தன.

 சேர் என் தோளுக்கு மேலால் கையை நீட்டிக் காட்டினார்.

ஓடையின் மறுபக்கம், சேற்று வெளியின் ஓரத்தில், விழுந்துகிடந்த ஒரு மரத்தின் மேல் புனிதம் அக்கா இருந்தார். சேலையை முழங்காலுக்கு இழுத்துச் செருகி, கால் இரண்டையும் சேற்றில் விட்டு, முன்னால் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் கணுக்காலளவு இருந்த ஓடையில் கடல்நீர் ஏறிக்கொண்டிருந்தது. நான் கூப்பிட வாய் திறந்தேன். சேர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“கத்தாதீங்க. திடுக்கிட்டா ஆழத்துப் பக்கம் எழும்பிருவா.”

பிறகு, பக்கத்து வீட்டு வேலிக்கு மேலால் கதைப்பதுபோலச் சாதாரணக் குரலில் கேட்டார்.

“புனிதம் அக்கா, அங்கிருந்து என்ன தெரியுது?”

அக்கா நிமிர்ந்து பார்த்தார். பயமோ குழப்பமோ இல்லை.

“இந்த நண்டுகள் ஒண்டை ஒண்டு கூப்பிடுதுகள். ஆர் ஆரைக் கூப்பிடுறது எண்டுதான் பிடிபடேல்லை. வந்து பாருங்கோ.”

ஒரு கை மட்டும் பெரிதாக இருக்கும் அந்தச் சின்ன நண்டுகள் நூற்றுக்கணக்கில் வெளியெங்கும் நின்று, பெரிய கையைத் தூக்கித் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தன. சேர் ஒரு தடியால் அடியை ஊன்றிப் பார்த்துப் பார்த்து ஓடையைக் கடந்தார். தண்ணீர் அவருக்குத் தொடையளவு வந்தது. அவர் உடனே கையைப் பிடித்து இழுக்கவில்லை. பக்கத்தில் இருந்தார். இரண்டு நிமிடம் நண்டைப் பார்த்தார். பிறகு ஏதோ கேட்டார். அக்கா தலையாட்டிய பின்தான் கையைப் பிடித்தார். கரைக்கு வந்தபோது புனிதம் அக்காவின் உள்ளங்காலில் சிப்பி கிழித்து இரத்தம் வந்துகொண்டிருந்தது. அவருக்கு அது தெரியவேயில்லை.

மூதூர் ஆஸ்பத்திரியில் காயத்தைக் கட்டி ஊசி போட்டார்கள். சுகந்தி வந்து சேருமுன் சேர் என்னிடம் ஒன்றைச் சொன்னார். அவ கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம், நீங்களே சொல்லுங்கள், இரண்டு பிழையையும் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். சுகந்தி அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“உங்களை நம்பி அனுப்பினனான். ஒரு ஆளைப் பாக்கத் தெரியாதவைக்கு ஏன் இந்த வேலை?”

  அந்தக் கேள்வி நியாயமானது.

அடுத்த கிழமை நிர்வாகக் குழு கூடியது. நான் என் கையால் எழுதிய அறிக்கையைச் சேர் வாசித்தார். வால் இல்லாமல் நடந்தது என் பிழை. பெயர் கூப்பிடாமல் தலையை எண்ணியது என் பிழை. வேறு ஆரையும் அதில் நான் இழுக்கவில்லை. வாசித்து முடிந்ததும் குழுவில் ஒருவர், இனி மறதி உள்ளவர்களைச் சேர்ப்பதில்லை, எழுபத்தைந்துக்கு மேல் ஆரையும் சேர்ப்பதில்லை என்று ஒரு தீர்மானத்தை எடுத்து வைத்தார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். சேர் அறிக்கையை மேசையின் நடுவுக்குத் தள்ளினார்.

“இதில ரெண்டு பிழை இருக்கு. ரெண்டும் எங்கட ஆள்ர பிழை. புனிதம் அக்கா விட்ட பிழை எது எண்டு எனக்குக் காட்டுங்க. பிழை எங்களுக்கு, தண்டனை அவவுக்கா?”

 கடைசியில் எனக்கு மூன்று மாதம் பயணம் கூட்டிப்போகத் தடை, அலுவலக மேசையில் வேலை என்று முடிவானது. அது சரியான தண்டனை, நான் முணுமுணுக்கவில்லை. வயதுத் தடை கைவிடப்பட்டது. மறதி உள்ளவர்கள் வரலாம், சொந்தக்காரர் ஒருவர் அவர்களோடு வர வேண்டும் என்றார்கள். சேர் அதற்குச் சம்மதித்தார். சுகந்தி சம்மதிக்கவில்லை. தாய் இனி வெளியே வரமாட்டார் என்று அறிவித்துவிட்டார்.

மேசை வேலையின் மூன்றாம் நாள், காலை ஒன்பது மணிக்குத் தொலைபேசி அடித்தது.

“வணக்கம். புனிதவதி கதைக்கிறன். அடுத்த பயணம் எண்டைக்கு எண்டு சொல்லுவீங்களோ?”

மணிபோன்ற குரல். பிறகு அறிவிக்கிறோம் அக்கா என்று சமாளித்து வைத்துவிட்டேன். மறுநாள் ஒன்பது மணிக்குத் திரும்ப அதே அழைப்பு, அதே சொற்கள். நேற்று எடுத்தது அவருக்கு நினைவில்லை. அன்றைக்கும் சமாளித்தேன். சேர் கேட்டுக்கொண்டிருந்தார். மறந்துவிடுவா என்பதற்காக ஒருவருக்குப் பொய் சொல்ல ஏலாது என்றார். அன்றிலிருந்து உண்மையைச் சொன்னேன். அக்கா, நீங்கள் போன தரம் தொலைந்துவிட்டீர்கள், என்னுடைய பிழையால். மகள் இனி விடமாட்டேன் என்கிறா.

தினமும் அவருக்கு அது புதுச் செய்தி. தினமும் கோபம் வந்தது. அவளைக் கேட்டா நான் இத்தனை வருடம் இரவு வேலைக்குப் போனேன் என்று ஒருநாள். என்னைத் தொலைத்தவ வேலையில் இருக்கிறா, தொலைந்த நான் வீட்டில் இருக்கிறேனா என்று ஒருநாள். அதைக் கேட்டு எனக்கு முகம் சுட்டது. ஆனால் ஒருநாளும் அவர் சரி என்று அடங்கவில்லை. ஐந்து கிழமை, வேலைநாள் தவறாமல், ஒன்பது மணிக்கு அந்த மறுப்பை முதல்முறையாகக் கேட்டு, முதல்முறையாக எதிர்த்தார்.

ஐந்தாம் கிழமை முடிவில் நான் கச்சேரிக்குப் போய்ச் சுகந்தியைக் கண்டேன். மன்னிப்புக் கேட்கப் போகவில்லை, அதை ஏற்கெனவே கேட்டாயிற்று. காலை ஒன்பது மணிக்கு ஒருநாள் எங்கள் அலுவலகத்துக்கு வாருங்கள் என்று மட்டும் கேட்டேன். ஏன் என்றார். அம்மாவின் குரலைக் கேட்க என்றேன். வீட்டில் கேட்காத குரலா என்றார். ஆனாலும் வந்தார்.

தொலைபேசி அடித்தது. வணக்கம், புனிதவதி கதைக்கிறன் என்று ஒலிபெருக்கியில் வந்ததும் சுகந்தி கதிரையில் நிமிர்ந்தார். வீட்டில் அம்மா இப்படிக் கதைப்பதில்லை என்று பிறகு சொன்னார். வீட்டில் எல்லோரும் அவருக்குப் பதிலாகக் கதைக்கிறார்கள். நான் ஒளிக்கவில்லை. அக்கா, உங்கள் மகள் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறா என்றேன். தொலைந்த கதையையும் குழு கூடியதையும் வழக்கம்போல முழுக்கச் சொன்னேன். 

“சுகந்தி, நான் துலைஞ்சனானாம். எனக்கு ஞாபகம் இல்லை. ஆனா பிள்ளை, வீட்டுக்குள்ளையும் நான் துலைஞ்சுதானே நிக்கிறன். ஒரு நாளைக்கு ரெண்டு தரம் குசினி எங்கை எண்டு தேடுறன். அதுக்கு ஆரும் கூட்டம் வைக்கேல்லையே.”

சுகந்தி தொலைபேசிப் பக்கம் குனிந்தார். “நானும் வாறன் அம்மா” என்று மட்டும் சொன்னார்.

என் தடை முடிந்த முதல் பயணத்தில் இரண்டு பேரும் வந்தார்கள். சேற்றைப் பார்த்து முகம் சுளித்தது மகள்தான். பிறகு மூன்று வருடத்தில் புனிதம் அக்கா எங்களோடு இன்னும் ஐந்து முறை வந்தார். நண்டின் பெயரை ஒவ்வொரு முறையும் கேட்டார், ஒவ்வொரு முறையும் புதிதாகச் சந்தோஷப்பட்டார். சுகந்தி பறவைப் பெயர்களைக் கொப்பியில் எழுதத் தொடங்கினார்.

கந்தவனம் ஐயா மட்டும் திரும்ப வரவில்லை. பிழை என்னுடையது, உங்களுடையது அல்ல என்று சொல்ல இரண்டு தரம் தம்பலகாமத்துக்குப் போனேன். தேத்தண்ணி தந்தார், வெள்ளரிப்பழம் வெட்டித் தந்தார், வயலைப் பற்றிக் கதைத்தார். வருகிறேன் என்று சொல்லவில்லை. அன்றைக்கு உண்மையில் தொலைந்தவர் அவர்தான். கைநூலில் எதையாவது எழுதுவதானால் அதை எழுதுங்கள். வழிகாட்டி விட்ட பிழையை வயதான ஒருவர் தன் பிழையென்று வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். எந்த மகனின் ஒப்பமும் அதைத் தடுத்திருக்காது. நான் பதினான்கு பெயரைக் கூப்பிட்டிருந்தால் தடுத்திருக்கும். அதற்கு ஒரு நிமிடம் போதும்.

பயந்துபோய் நான் வேறொரு பிழையும் பழகிக்கொண்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, வாலாகச் சேர் இருந்தாலும், நான் முன்னுக்கு நடப்பதை விட்டுவிட்டுப் புனிதம் அக்காவின் முதுகுக்குப் பின்னாலேயே நடந்தேன். பாதை தெரிந்த வேறு ஒருவரை முன்னுக்கு விடுவேன். அக்கா நின்றால் நிற்பேன், குனிந்தால் குனிவேன். அதைக் கவனம் என்று நினைத்தேன்.

அவருடைய கடைசிப் பயணத்தில் அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. சுகந்தியையே சில வேளை தங்கச்சி என்று கூப்பிட்டார். ஆனால் கால் சேற்றை மறக்கவில்லை. வேர் எங்கே, மண் எங்கே என்று கால்விரலால் தடவித் தடவி, ஆரையும் பிடிக்காமல் நடந்தார். பாலத்தடியில் நின்று திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நீங்கள் ஆர்? அப்ப துடக்கம் எனக்குப் பின்னாலை வாறியள்.”

“நான் வழி காட்டுறனான், அக்கா.”

“வழி காட்டுறவ ஏன் பின்னுக்கு நிக்கிறா? முன்னுக்குப் போங்கோ.”

சுகந்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு மறுபக்கம் திரும்பினார். நசீர் சேர் சிரிக்கவில்லை. வரிசையின் கடைசியில் இருந்து என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நான் எல்லோரையும் தாண்டி முன்னுக்குப் போனேன்.